காயம் கட்டிய கைகள்

1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய அன்று, காந்தியடிகள் அன்றைய வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபுவுக்குக் கடிதம் எழுதித் தம்மிடமிருந்த மூன்று பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார். தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய மனிதநேயப் பணிக்காக 1915இல் வழங்கப்பட்ட கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் ஒன்று. 1906ஆம் ஆண்டின் ஜூலு போருக்கானது மற்றொன்று. 1899-1900 போயர் போருக்கானது மூன்றாவது. பின்னிரண்டும் போர்ப் பதக்கங்கள். ஆனால், அந்த இரு போர்களிலும் அவர் செய்தது காயம்பட்டவர்களைச் சுமந்ததும், அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டியதும்தான்.

வழக்கறிஞராக, இதழாசிரியராக, சத்தியாகிரகியாக, விடுதலைப் போராட்டத் தலைவராகக் காந்தியடிகளை அறிந்திருக்கும் நாம், முதலுதவிப் படையின் தொண்டராக அவரை அதிகம் அறியவில்லை. பாடநூல்களில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. தமிழர்களாகிய நாம் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்தப் படைகளில் அவரோடு தோள் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள்.

நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்வது அவருக்குச் சிறுவயதிலேயே பழகிய வேலை. தந்தை கரம்சந்த் காந்தி பவுத்திர நோயால் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் வீட்டில் தயாரிக்க வேண்டிய மருந்துகளைக் கலந்து கொடுப்பதும் இரவில் கால் பிடித்துவிடுவதும் பள்ளி மாணவராக இருந்த மோகன்தாஸின் பொறுப்பு. 1885இல் தந்தை இறந்த இரவில், சற்று முன்னர்தான் சிற்றப்பாவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தம் அறைக்குப் போயிருந்தார். அந்தக் குற்றவுணர்வு வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. மேற்படிப்பு பற்றிக் குடும்பத்தில் பேச்சு எழுந்தபோது மருத்துவம் படிக்கவே அவர் விரும்பினார். வைணவக் குடும்பத்துப் பிள்ளை பிணத்தை அறுப்பதா என்ற எதிர்ப்பினால் அது கைகூடவில்லை. மருத்துவராக வேண்டியவர் பாரிஸ்டரானார். ஆயினும் மருத்துவமனை வாசல் அவரை இழுத்துக்கொண்டேதான் இருந்தது.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற அவரிடம், அடுத்த ஆண்டு, டர்பனில் தொழில் தொடங்கிய சில மாதங்களில், கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஒரு தமிழர் அழுதுகொண்டு வந்து நின்றார். முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. பாலசுந்தரம் என்ற அந்த ஒப்பந்தத் தொழிலாளியை அவருடைய வெள்ளைக்கார எசமானர் அடித்திருந்தார். இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதன் முடிவைத்தான் சொல்வார்கள். எனக்கு அதன் தொடக்கமே முக்கியமாகப் படுகிறது. காந்தியடிகள் முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் பெற்றார். அதன் பிறகே நீதிபதியிடம் அழைத்துச் சென்றார்.

நேட்டால் அன்று எப்படி இருந்தது என்பதைச் சற்றே விளக்க வேண்டும். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமலும் மறுபடியும் கூலியாகச் சேராமலும் அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி செலுத்த வேண்டும் என்று 1895இல் சட்டம் இயற்றினார்கள். அடிமை முறையை ஒழித்துவிட்டதாகப் பெருமை பேசிய பேரரசு, கடனையும் வரியையும் கொண்டு அதே வேலையை நடத்திக்கொண்டது என்றுதான் பொருளாதார மாணவர் எவரும் இதைப் படிப்பார்.

இந்தத் தொழிலாளர்களை நெருங்கி அறியும் வாய்ப்பு காந்தியடிகளுக்கு நீதிமன்றத்தைவிட மருந்தகத்தில்தான் அதிகம் கிடைத்தது. செயின்ட் எய்டன் திருச்சபைப் பணித்தளத்தின் தலைவரான டாக்டர் பூத் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்துவந்தார். பார்சி ருஸ்தம்ஜியின் கொடையால் அவருடைய பொறுப்பில் சிறிய தரும மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. நல்ல வருமானமுள்ள வழக்கறிஞராகிவிட்ட காந்தியடிகள், நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கே கம்பவுண்டர் வேலை பார்த்தார். நோயாளியின் குறைகளைக் கேட்டு மருத்துவரிடம் சொல்வதும், எழுதித் தந்த மருந்தைக் கலந்து கொடுப்பதும் பணி. வந்தவர்களில் மிகுதியானோர் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியருமான ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1900 மே மாதத்தில் கடைசி மகன் தேவதாஸ் பிறந்தபோது மருத்துவச்சி வந்து சேராததால் பிரசவத்தையும் அவரே பார்க்க நேர்ந்தது. அதற்காக முன்கூட்டியே புத்தகம் படித்துத் தயாராக இருந்தார்.

1899 அக்டோபரில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. தம் தனிப்பட்ட அனுதாபம் போயர்கள் பக்கமே இருந்ததாகக் காந்தியடிகள் பின்னர் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். ஆயினும் பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற முறையில் உரிமை கேட்பவர்கள் அதே முறையில் கடமையையும் ஏற்க வேண்டும் என்று அப்போது அவர் நம்பினார். இந்தியர்கள் கோழைகள், பணம் சேர்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் என்று வெள்ளையர்கள் ஏளனம் செய்துவந்ததும் ஒரு காரணம். ஆம்புலன்ஸ் படை அமைக்க முன்வந்தபோது அரசு முதலில் மறுத்தது. டாக்டர் பூத் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். உடல் தகுதிச் சான்றிதழ்களும் பெறப்பட்டன. போரில் ஆங்கிலேயருக்குச் சரிவு ஏற்பட்டு ஆள் பற்றாக்குறை வந்த பின்னரே அனுமதி கிடைத்தது.

படையில் 1,100 பேர். தலைவர்கள் சுமார் 40 பேர். சுதந்திர இந்தியர்கள் ஏறத்தாழ 300 பேர்; ஏனைய 800 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இந்த 800 பேரைத் தன்னார்வத் தொண்டர்கள் என்று சொல்லலாமா? தோட்ட முதலாளி அனுப்பினால்தான் ஒப்பந்தக் கூலி அங்கே வர முடியும். வந்ததில் விருப்பம் எவ்வளவு, கட்டளை எவ்வளவு என்று இன்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. தன்னார்வம் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தும் வரலாற்று நூல்கள் இந்தக் கேள்வியைக் கடந்து போய்விடுகின்றன. ஆனால், குண்டுகள் விழும் இடத்தில் ஒருவன் காட்டும் பொறுமையைக் கட்டளையால் மட்டும் வாங்கிவிட முடியாது என்பதும் உண்மை.

1899 டிசம்பர் 15 அன்று கொலென்ஸோவில் ஆங்கிலேயர்கள் பெருந்தோல்வி கண்டனர். தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் மகனான லெப்டினன்ட் ராபர்ட்ஸ் அங்குப் படுகாயமுற்று இறந்தார். அவரது உடலைச் சுமந்து சென்றதில் இந்தியப் படைக்கும் பங்குண்டு. கடும் வெயிலில் சீவ்லி முகாமை நோக்கி நடந்தபோது வழியில் ஒரு சிற்றோடை குறுக்கிட்டது. அனைவருக்கும் தாகம். வெள்ளைச் சிப்பாய்கள் முதலில் அருந்தட்டும் என்று இந்தியர்கள் ஒதுங்கி நின்றார்கள். இந்தியர்களே முதலில் அருந்த வேண்டும் என்று சிப்பாய்கள் வற்புறுத்தினார்கள். டர்பன் நகரத்தில் நடைபாதையில்கூட நிம்மதியாக நடக்க முடியாதவர்களுக்குப் போர்க்களத்து ஓடையில் கிடைத்த மரியாதை இது. காந்தியடிகள் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

அடுத்த மாதம், 1900 ஜனவரி 24 அன்று, ஸ்பியன் காப் குன்றில் நடந்த போர் இன்னும் கொடியது. துப்பாக்கி எல்லைக்குள் இந்தியப் படை செல்ல வேண்டியதில்லை என்பதே ஏற்பாடு. ஆனால், காயம்பட்டோர் குவிந்துவிட்டதால், கட்டாயமில்லை எனினும் களத்துக்குள் வந்து தூக்கிச் சென்றால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று தளபதி புல்லர் செய்தி அனுப்பினார். தயக்கமின்றிப் போனார்கள். அந்த நாள்களில் ஸ்ட்ரெச்சர்களைத் தோளில் ஏந்தி நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தார்கள். அவர்கள் சுமந்தவர்களில் ஒருவர், குன்றின் உச்சியில் தலையில் குண்டுபட்ட தளபதி உட்கேட். வின்ஸ்டன் சர்ச்சிலும் போயர் தளபதி லூயி போத்தாவும் அன்று அதே குன்றைச் சுற்றித்தான் இருந்தார்கள். பின்னாளில் ஒருவர் பிரிட்டனின் பிரதமரானார்; மற்றவர் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் பிரதமரானார்.

காயம்பட்டவரைச் சுமந்து 20 மைல் நடப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைத் தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் வசிக்கும் பண்ணைப்புரத்துக்கு மேற்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. இந்த மலைத்தொடரில் சாலை வசதியில்லாத குடியிருப்புகளிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்களையும் பாம்பு தீண்டியவர்களையும் இன்றும் டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். இரண்டு பேர் ஒரே சீராக அடியெடுத்து வைக்க வேண்டும். இறக்கத்தில் முன்னால் செல்பவர் தோளை உயர்த்தியும் பின்னால் வருபவர் தாழ்த்தியும் பிடிக்க வேண்டும். தோள் மாற்றுவதற்கு இன்னும் இரண்டு பேர் கூடவே நடக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவி, மலையேறச் சென்றிருந்த 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, முதலில் ஓடியவர்கள் சுற்றியிருந்த கிராமத்தினரும் தோட்டத் தொழிலாளர்களுமே. ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே போர்வைகளில் கட்டிச் சுமக்கும் வேலை தொடங்கிவிட்டது.

நேட்டாலில் ஆறு வாரப் பணிக்குப் பிறகு படை கலைக்கப்பட்டது. தளபதி புல்லர் தமது அறிக்கையில் பாராட்டினார். தலைவர்களுக்குப் போர்ப் பதக்கம் வழங்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியாத தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் திரும்பினார்கள். அவர்களைப் பற்றிய குறிப்பே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. நேட்டால் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொரு தொழிலாளியின் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு வரை எழுதப்பட்டிருக்கின்றன. தப்பியோடினால் பிடிப்பதற்காக எழுதிவைத்த பதிவேடு அது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜோஹன்னஸ்பர்க்கில் நிமோனியா வகைப் பிளேக் தாக்கியது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த இந்தியர்கள் 23 பேர் ஒரே மாலையில் நோயுடன் குடியிருப்புக்குத் திரும்பினார்கள். மதன்ஜித் என்ற நண்பர் பூட்டியிருந்த காலி வீடொன்றின் பூட்டை உடைத்து அவர்களைப் படுக்கவைத்தார். டாக்டர் வில்லியம் காட்ஃப்ரேயும் காந்தியடிகளும், அவருடைய அலுவலகத்தில் பணியாற்றிய திருமணமாகாத இளைஞர்கள் நால்வரும் அன்றிரவு முழுவதும் பணிவிடை செய்தனர். நகராட்சி அனுப்பிவைத்த செவிலியும் தொற்றுக்கு ஆளாகி இறந்தார். மருத்துவரின் சம்மதத்தோடு மூன்று நோயாளிகளுக்குக் காந்தியடிகள் ஈரமண் பற்றுப்போட்டார். அவர்களில் இருவர் பிழைத்தனர். மற்ற இருபது பேரும் மாண்டனர். மண் சிகிச்சையில் அவருக்கிருந்த நம்பிக்கையை இது உறுதிப்படுத்தியது. மூன்று பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது புள்ளியியலின் அரிச்சுவடி. அவருடைய மருத்துவக் கருத்துகள் பலவற்றை ஏற்க முடியாதவர்களும் அந்த இரவில் அவர் காட்டிய துணிவை ஏற்பார்கள். எனக்கும் அவ்வாறே.

1906இல் நேட்டாலில் ஜூலு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வயதுவந்த ஆண்கள் ஒவ்வொருவர் மீதும் விதிக்கப்பட்ட ஒரு பவுண்டு தலைவரிதான் உடனடிக் காரணம். இந்தியர் மீது மூன்று பவுண்டு, ஆப்பிரிக்கர் மீது ஒரு பவுண்டு. இரண்டு வரிகளின் நோக்கமும் ஒன்றே. கையில் காசில்லாதவனைக் காசுக்காக வெள்ளையரின் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் துரத்துவது. இந்த ஒற்றுமையை அன்றைய காந்தியடிகள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. பேரரசின் மீதிருந்த விசுவாசத்தால் மறுபடியும் ஆம்புலன்ஸ் படை அமைக்க முன்வந்தார். ஆப்பிரிக்க மக்களைப் பற்றி அந்தக் காலத்தில் அவர் எழுதிய சில வரிகளை வரலாற்றாசிரியர்கள் இன்று கடுமையாக விமரிசிக்கிறார்கள்; அந்த விமரிசனம் நியாயமானது.

இம்முறை சிறிய படை. அவரது கணக்குப்படி மொத்தம் 24 பேர். நான்கு பேர் குஜராத்தியர், ஒருவர் பட்டாணியர். எஞ்சியவர்கள் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியர்கள். படையினர் பட்டியலில் அப்பாசாமி, முத்துசாமி, குப்புசாமி, ஆழ்வார் என்ற பெயர்கள் இருக்கின்றன. காந்தியடிகளுக்குச் சார்ஜண்ட் மேஜர் என்ற தற்காலிகப் பதவி அளிக்கப்பட்டது.

களத்துக்குப் போன பிறகுதான் அது போரே இல்லை, மனித வேட்டை என்பது அவருக்குப் புரிந்தது. படையிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலானோர் ஜூலு மக்கள். அவர்களில் பலர் போரில் காயமடைந்தவர்களே அல்லர். சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டுச் சவுக்கால் அடிக்கப்பட்டவர்கள். ஐந்தாறு நாள்களாகக் கவனிக்கப்படாமல் அவர்களுடைய புண்கள் அழுகத் தொடங்கியிருந்தன. வெள்ளைச் செவிலியர்கள் தொட மறுத்தார்கள். பொறுப்பிலிருந்த டாக்டர் சாவேஜ் இந்தியர்கள் வந்ததைக் கண்டு பெரும் நிம்மதியடைந்தார். வேலிக்கு வெளியே நின்று வெள்ளைச் சிப்பாய்கள் ஏசிக்கொண்டிருக்க, அப்பாசாமிகளும் குப்புசாமிகளும் அந்த முதுகுகளைக் கழுவி மருந்திட்டார்கள். மொழி தெரியாத நோயாளிகள் சைகையாலும் கண்களாலும் நன்றி சொன்னார்கள்.

தோட்டத்தில் சவுக்கடியின் சுவடறிந்த ஒரு கூலித் தொழிலாளி, இன்னொரு கண்டத்தின் மனிதனுடைய சவுக்குப் புண்ணுக்குக் கட்டுப்போட்ட காட்சி இது. காந்தியடிகளின் வாழ்க்கையில் எனக்கு மிக நெருக்கமான இடமும் இதுவே. அரசுக்குச் சேவை செய்யப் போனவர், அந்த அரசு யார் மீது சவுக்கை வீசியதோ அவர்களுக்குச் சேவை செய்துவிட்டுத் திரும்பினார். நாளொன்றுக்கு 40 மைல்கூட நடக்க நேர்ந்த அந்த ஆளரவமற்ற குன்றுகளில்தான், பொதுவாழ்வுக்கு முழுமையாகத் தம்மைத் தருவது பற்றியும் பிரமசரியம் பற்றியும் இறுதி முடிவுக்கு வந்தார். ஜூலையில் படை கலைந்தது. ஆகஸ்டில் டிரான்ஸ்வால் அரசு இந்தியர்கள் அனைவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்ற அவசரச் சட்டத்தின் வரைவை வெளியிட்டது. செப்டம்பர் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் அதை எதிர்த்து உறுதிமொழி எடுக்கப்பட்டது. சேவையைக் கொடுத்து உரிமையைப் பெறலாம் என்ற பண்டமாற்றுக் கணக்கு அத்துடன் பொய்த்தது. 1913இல் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளுமாக எல்லையை நோக்கி நடந்தபோது, பெருங்கூட்டத்தை ஒழுங்காக நடத்திச் செல்வதில் ஆம்புலன்ஸ் படை தந்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். மூன்று பவுண்டு வரி 1914இல் ஒழிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய இரண்டாம் நாள், அவர் லண்டன் வந்து சேர்ந்தார். அங்கிருந்த இந்தியர்களைத் திரட்டி மூன்றாவது முறையாக ஆம்புலன்ஸ் படை அமைத்தார். ஏறத்தாழ 80 பேருக்கு ஆறு வாரம் முதலுதவி வகுப்பு நடந்தது. தேர்வில் ஒருவரைத் தவிர அனைவரும் தேறினர். பயிற்சி அளித்தவர் டாக்டர் ஜேம்ஸ் கான்ட்லி. 1896இல் லண்டனிலிருந்த சீனத் தூதரகத்தில் அடைத்துவைக்கப்பட்ட சுன் யாட்-சென்னைப் போராடி மீட்டவர் அவர்தான். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்துக்காக முதலுதவிக் கையேடு எழுதியவரும் அவரே. நவீன சீனத்தின் தந்தைக்கும் இந்தியாவின் தந்தைக்கும் ஒரே ஸ்காட்லாந்து மருத்துவரோடு தொடர்பு இருந்தது வரலாற்றின் சுவையான தற்செயல்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. சுரங்கங்களிலும் ரயில் பாதைகளிலும் தொழிலாளர்கள் கை கால் நசுங்கிச் செத்துக்கொண்டிருந்த தொழிற்புரட்சிக் காலம் அது. மருத்துவர் வரும்வரை உயிரைத் தக்கவைக்கச் சாதாரண மனிதனுக்கும் கற்றுத்தரலாம் என்பதே அதன் அடிப்படை எண்ணம். அந்த வகுப்புகளுக்கு முதல் கையேட்டை எழுதிய ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்ட், 1879 ஜனவரியில் ஜூலு நாட்டின் இசாண்டில்வானா போர்க்களத்தில் கொல்லப்பட்டார். காந்தியடிகளின் படை ஜூலு மக்களின் புண்களைக் கழுவியது அதற்கு 27 ஆண்டுகள் கழித்து. இந்தியாவில் இன்று முதலுதவிப் பயிற்சியும் சான்றிதழும் அளிக்கும் அமைப்புகளில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும், 1920இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் முதன்மையானவை. பேருந்து நடத்துநர் உரிமம் கேட்பவர் முதலுதவிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற விதி இந்த மரபிலிருந்து வந்ததுதான்.

கான்ட்லியின் ஆறு வார வகுப்பைப் போன்ற ஒன்று கம்பம் பள்ளத்தாக்குக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வட்டாரத்திலிருந்தும் கம்பம், போடி பகுதிகளிலிருந்தும் விடிவதற்கு முன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்தால் முதலில் கை கொடுப்பவர் பின்னால் வரும் ஜீப்பின் ஓட்டுநர். 2008இல் தொடங்கிய 108 சேவையும், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 2021ஆம் ஆண்டுத் திட்டமும் தமிழகம் பெருமைப்படத் தக்கவை. ஆனால், ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை உள்ள நிமிடங்கள் அந்த ஓட்டுநரின் கையில். பீறிடும் இரத்தத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடிக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதுகெலும்பு முறிந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் பிளேடால் கீறுவதும் இன்றும் நடக்கின்றன. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதே சரி.

உதவினால் வழக்கில் சிக்குவோம் என்ற அச்சத்துக்கு இனி இடமில்லை. உதவி செய்தவரை அலைக்கழிக்கக் கூடாது, பெயர் சொல்லவும் வற்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. உதவுவோருக்கு ரொக்கப் பரிசு தரும் திட்டங்களும் வந்துள்ளன. பரிசு நல்லதுதான் என்றாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் இரத்த தானம் பற்றி எழுதிய நூல் எங்கள் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கொடைக்கு விலை வைத்தால் கொடுப்பவர்கள் கூடுவார்கள் என்று நாம் எண்ணுகிறோம். கொடுக்கும் மனம் குறைந்துவிடவும் கூடும் என்றார் அவர். ஜீப் ஓட்டுநர்களுக்கும் தோட்டக் கங்காணிகளுக்கும் ஆறு வார மாலை வகுப்பு நடத்த ஆகும் செலவு, பரிசுத் தொகையைவிட நெடுங்காலப் பலன் தரும் என்பது என் கருத்து.

காந்தியடிகளின் லண்டன் படைப் பணி நீடிக்கவில்லை. படைத்தலைவர்களை நியமிப்பது தொடர்பாக ராணுவ அதிகாரியோடு பூசல் எழுந்தது. நுரையீரல் உறை அழற்சியால் அவர் படுத்தார். டிசம்பரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து ராணுவத்துக்கு ஆள் திரட்டவும் முயன்றார். அகிம்சைவாதி எப்படி இதைச் செய்தார் என்பதற்கு அவர் தந்த விளக்கங்கள் எதுவும் எனக்கு நிறைவளித்ததில்லை. அடுத்த ஆண்டு ஜாலியன்வாலா பாக். அதற்கடுத்த ஆண்டு பதக்கங்கள் திரும்பிப் போயின.

பதக்கங்களோடு பணிவிடை போய்விடவில்லை. 1939இல் சேவாகிராம ஆசிரமத்துக்குப் பர்ச்சுரே சாஸ்திரி வந்து சேர்ந்தார். சமஸ்கிருத அறிஞர், ஒருகாலத்தில் காந்தியடிகளைப் போலவே எரவாடா சிறையில் இருந்தவர், அப்போது தொழுநோய் முற்றியிருந்தது. நோய் தொற்றும் என்ற அச்சம் ஆசிரமவாசிகளிடமும் இருந்தது. தம் குடிலுக்கு அருகிலேயே அவருக்கு ஒரு குடில் கட்டவைத்தார் காந்தியடிகள். நாட்டில் போர்க்கால நெருக்கடி, வைஸ்ராயோடு பேச்சுவார்த்தை, காங்கிரசுக்குள் கருத்து மோதல் எல்லாம் நடந்துகொண்டிருந்த அந்த நாள்களில், எழுபது வயதான அவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் போய்ச் சாஸ்திரியின் புண்களைக் கழுவி, கை கால்களைப் பிடித்துவிட்டு வந்தார். அருகில் குந்தி அமர்ந்து அவர் அதைச் செய்யும் காட்சியைக் கனு காந்தி புகைப்படமாக எடுத்திருக்கிறார். சாஸ்திரி 1945இல் இறந்தார். பர்ச்சுரே குடில் என்ற பெயரோடு மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாக அந்த இடம் இன்றும் சேவாகிராமத்தில் இருக்கிறது.